உடைந்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் போல்ட்: டர்பன் லாரிகளில் நின்றதும் நிற்காததும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்திலிருந்து என்3 சாலையில் மேலேறும் பழைய டீசல் லாரிகளில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்த்தொகுதி) போல்ட் உடைவது சகஜம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டியதும் டவுன் ஹில் ஏற்றம், அப்புறம் வான் ரீனன் கணவாய். முழுச் சுமையோடு ஏறும்போது மேனிஃபோல்ட் 500 டிகிரி வரை சூடாகும். அது பூட்டப்பட்டிருக்கும் சிலிண்டர் ஹெட்டோ, கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) ஓடுவதால் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஆறு சிலிண்டர் எஞ்சினில் 600 மி.மீ. நீள ஒற்றை வார்ப்பு மேனிஃபோல்ட் இருந்தால், அது ஹெட்டைவிட ஏறக்குறைய 2.6 மி.மீ. கூடுதலாக நீளும். ஒவ்வொரு முனையும் 1.3 மி.மீ. வெளியே தள்ளும், ஆறினால் திரும்ப இழுக்கும். அதனால்தான் முதல் சிலிண்டர், கடைசி சிலிண்டர் போல்ட்டுகளே முதலில் போகின்றன. கடற்கரையின் உப்புக் காற்று மீதி வேலையைப் பார்த்துவிடும்.

அறிகுறி எளிது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக்" என்று சத்தம். சூடானதும் இடைவெளி அடைபட்டு நின்றுவிடும். சரியாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. டர்போ வண்டியில் பூஸ்ட் (காற்றழுத்தம்) குறையும், இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் எரியும், புகை கேபினுக்குள் வரும். ஹெட்டில் புகை வெளிவரும் துளையான போர்ட்டைச் சுற்றிக் கறுப்புக் கரி படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கழற்றும் விஷயத்தில் எங்கள் தீர்ப்பு: ஈஸி அவுட்டை (உடைந்த போல்ட்டில் துளையிட்டு, இடப்பக்கம் திருகி வெளியே எடுக்கும் கருவி) கையில் எடுக்காதீர்கள். துருப்பிடித்து இறுகிய போல்ட் அதற்கு அசையாது. அது உள்ளே உடைந்தால் சாதாரண ட்ரில் பிட் அதன்மேல் ஏறாது, கார்பைடு பிட்தான் வேண்டும். க்யூ20 நல்ல ஸ்ப்ரேதான், ஆனால் இந்தத் துருவுக்குள் அது மட்டும் இறங்காது. முந்தின நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். வெல்டிங்குக்கு முன் அதைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.

நம்பகமான வழி நட்டு வெல்டிங். உடைந்த எம்10 (10 மி.மீ. விட்டமுள்ள) போல்ட் ஹெட்டோடு மட்டமாக இருந்தால், அதன்மேல் 8.4 மி.மீ. துளையுள்ள எம்8 வாஷரை நடுவில் வைத்து, உள்விளிம்பில் மட்டும் வெல்ட் போடுங்கள். அந்தத் துளை போல்ட்டின் விட்டத்துக்குள் அடங்குவதால் வெல்ட் ஹெட்டைத் தொடாது. பிறகு வாஷர்மேல் எம்10 நட்டை வைத்து நடுவை நிரப்புங்கள். தொடங்குமுன் பேட்டரி நெகட்டிவையும் ஆல்டர்னேட்டர் வயர்களையும் கழற்றிவிடுங்கள். வெல்டின் சிவப்பு மறைந்ததும் தேன்மெழுகையோ மெழுகுவர்த்தியையோ ஓரத்தில் ஒற்றினால் உருகி மரைக்குள் இறங்கும். வார்ப்பிரும்பு ஹெட்டில் தண்ணீர் ஊற்றி ஆறவைக்கவே கூடாது, விரிசல் விடும். ஸ்பேனரை ஒரே பக்கம் இழுக்காமல் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் அசையுங்கள். முதல் வெல்ட் பிய்ந்தால் மனம் தளர வேண்டாம், மறுபடி போடுங்கள். ஒவ்வொரு சூடும் துருவைத் தளர்த்துகிறது.

அப்படியும் வராவிட்டால்தான் ட்ரில். நடுப்புள்ளி தவறினால் ஹெட்டின் மரையே போய்விடும். எனவே மேனிஃபோல்டைத் திரும்பப் பூட்டி, அதன் துளைக்குள் சரியாக உட்காரும் ஒரு புஷ்ஷை (நடுத்துளையுள்ள குழல்) லேத்தில் கடைந்து வழிகாட்டியாக வையுங்கள். எம்10×1.5 போல்ட்டுக்கு (1.5 என்பது மி.மீ.யில் மரை இடைவெளி) ட்ரில் பிட்டுகள் வரிசையாக 3.5, 5, 6.5, கடைசியில் 8.5 மி.மீ.; எம்8×1.25 என்றால் 6.8 மி.மீ. வரை. இடதுசுற்று பிட் கிடைத்தால் போல்ட் சில சமயம் தானாகவே சுழன்று வெளியே வந்துவிடும். சில ஹெட்டுகளில் துளை கூலன்ட் அறைவரை போகும். அங்கே முன்னதாகவே கூலன்டை வடித்து, பூட்டும்போது மரைக்கு சீலன்ட் போட வேண்டும்.

நீண்ட ஓட்டத்தில் பார்த்தால், உடைந்த ஒன்றை மட்டும் மாற்றிய வண்டிகள் அதே வேலைக்குத் திரும்பி வருகின்றன. நேரான பட்டையும் ஃபீலர் கேஜும் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பாருங்கள்: மேனிஃபோல்டின் முகம் மேனுவல் சொல்லும் அளவுக்கு மேல் வளைந்திருந்தால் எஞ்சினியரிங் ஒர்க்‌ஷாப்பில் சமன்படுத்தித்தான் ஆக வேண்டும். மூன்று துண்டு மேனிஃபோல்டில் இணைப்பு வளையங்கள் கரியால் இறுகினால், அதுவும் ஒற்றைத் துண்டுபோல் முனைகளைத் தள்ளும். பலர் கவனிக்காத இடம் இது.

மிகப் பலமான 12.9 கிரேட் போல்ட் போடலாமா என்று கேட்கிறார்கள். அதன் பலம் வெப்பப் பதத்தில் வந்தது. அதிக வெப்பத்திலேயே அது போய்விடும். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது, ஆனால் சூட்டில் இரும்பைவிட அதிகம் நீண்டு பிடி தளர்கிறது, மரையும் கவ்விக்கொள்ளும். நிலைத்து நின்றது வெப்பம் தாங்கும் ஒரிஜினல் ஸ்டட்டும் (தலையில்லாமல் இருமுனையிலும் மரையுள்ள போல்ட்) செம்புப் பூச்சு நட்டும்தான். ஸ்டட்டைக் கையால் முறுக்கினால் போதும். இடம் இருந்தால் நீளமான ஸ்டட்டோடு 20 மி.மீ. இரும்புக் குழல் ஸ்பேசரும் சேருங்கள். நீண்ட ஸ்டட் வளைந்து கொடுக்கும்.

மரை கவ்வாமலிருக்க நிக்கல் ஆன்டி-சீஸ் பசை பூசினால் உலர் மரைக்கான டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) அளவில் 20 முதல் 25 விழுக்காடு குறையுங்கள். நடுவிலிருந்து முனைகளை நோக்கி, இரண்டு மூன்று கட்டமாக இறுக்குங்கள். ஒரு முழு ஏற்றம் ஓடி வந்து எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மறுபடி டார்க் பாருங்கள். கேஸ்கெட் அமுங்கி நட்டு கொஞ்சம் தளர்ந்திருக்கும்.