எச்சரிக்கை: ‘இலவச மதிப்பீடு’ என்று வந்து கடனில் முடிந்த டேப்லெட் விற்பனை

முதல் வகுப்பு படிக்கும் எங்கள் மகளுக்கென்று கற்றல் செயலியும் டேப்லெட்டும் விற்ற நிறுவனம் ஒன்று எங்களை ஏமாற்றிய விதத்தை இங்கே எழுதுகிறேன். ஈரோட்டில் எங்கள் தெருவிலேயே வேறு சில வீடுகளிலும் இதே கதை நடந்திருக்கிறது. நுகர்வோர் புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

பள்ளி வாசலில் பெற்றோரிடம் கைபேசி எண்களை எழுதி வாங்கினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ‘கல்வி ஆலோசகர்’ என்று ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்து, மகளிடம் டேப்லெட்டைக் கொடுத்துச் சில கேள்விகளுக்கு விடை தொடச் சொன்னார். முடித்ததும் ‘கணிதத்தில் வயதுக்குரிய நிலைக்குக் கீழே’ என்று சிவப்பு எழுத்தில் ஓர் அறிக்கை வந்தது. எதிர்வீட்டுப் பையனுக்கும் அதே சிவப்பு, அதே வாசகம் வந்திருந்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். அவன் இரண்டாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பிப்பவன்.

விலையை அவர் கடைசிவரை முழுத்தொகையாகச் சொல்லவில்லை. “மாசம் 1,999 தாங்க மேடம், பிடிக்கலைன்னா எப்ப வேணா நிறுத்திக்கலாம்” என்றார். முன்பணமாக 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஆதார், பான் அட்டைகளைப் படமெடுத்த பின், கைபேசிக்கு அடுத்தடுத்து வந்த ஓடிபி எண்களை ‘ரெஜிஸ்ட்ரேஷனுக்கு’ என்று சொல்லிக் கேட்டு வாங்கினார். அவற்றில் ஒன்று ஆதார் சரிபார்ப்புக்கு, இன்னொன்று நிதி நிறுவனம் ஒன்றின் கடன் ஒப்பந்தத்தில் மின்கையெழுத்திடுவதற்கு, மற்றொன்று எங்கள் வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் பணம் எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் இ-மேண்டேட்டுக்கு. அதாவது, நாங்கள் மாதச் சந்தா என்று நம்பியது 24 மாதத் தவணைக் கடன். மொத்தம் 47,976 ரூபாய். கடன் விவரங்கள் ஆங்கிலத்தில் மின்னஞ்சலாக வந்து சேர்ந்தபோது அந்த இளைஞர் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனையைத் தாண்டியிருந்தார்.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் புரிந்தால்தான் பிற்பாடு நடந்தவை விளங்கும். நிதி நிறுவனம் கடன் தொகையைத் தொடக்கத்திலேயே விற்பவரின் கணக்கில் செலுத்திவிடுகிறது. நாம் தவணை கட்டுவது நிதி நிறுவனத்துக்கு. செயலி வேலை செய்யாவிட்டாலும், குழந்தை அதைத் தொடாவிட்டாலும், விற்பவருக்கு நட்டமில்லை. நிதி நிறுவனத்தைக் கேட்டால் “பொருளைப் பற்றி விற்றவரிடம் பேசுங்கள்” என்பார்கள். விற்றவரைக் கேட்டால் “கடன் உங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலானது” என்பார்கள்.

பொருளாவது உருப்படியாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. ஒரு கேள்விக்கு நான்கு விடைகள் காட்டப்படும். தவறானதைத் தொட்டால் அது ஆடிவிட்டு மறைந்துவிடும். கேள்வியைக் கேட்காமலேயே வரிசையாகத் தொட்டுக்கொண்டு போனால் கடைசியில் சரியான விடை மட்டும் மிஞ்சும், நட்சத்திரம் விழும் என்பதை மகள் வெகு சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். பெற்றோருக்கு வரும் வாராந்திர அறிக்கையோ ‘கழித்தலில் முழுத் தேர்ச்சி’ என்றது. நோட்டில் 9-இலிருந்து 4-ஐக் கழிக்கச் சொன்னால் என் முகத்தைப் பார்த்தாள். தமிழ்ப் பகுதியில் ‘வாழைப்பழம்’ என்ற சொல்லை இயந்திரக் குரல் ‘வாலைப்பலம்’ என்று வாசித்தது. ஒருநாள் திறக்காவிட்டால் ‘உன் தொடர்ச்சி அறுந்துவிடும்’ என்று அழுமுகப் பொம்மையொன்று வந்து நிற்கும். அதற்குப் பயந்தே அவள் டேப்லெட்டைக் கேட்பாளே தவிர, படிக்க அல்ல.

‘15 நாட்களுக்குள் திருப்பித் தரலாம்’ என்று சொன்னதை நம்பிக் கேட்டபோது, அந்த 15 நாட்கள் பெட்டி வந்த தேதியிலிருந்து அல்ல, பதிவு செய்த தேதியிலிருந்து எண்ணப்படும் என்றும், முத்திரை பிரித்த பெட்டியைத் திரும்பப் பெறுவதில்லை என்றும் பதில் வந்தது. பெட்டியைப் பிரிக்காமல் செயலியை எப்படிச் சோதிப்பது என்ற கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை. வந்துபோன இளைஞர் வேலையை விட்டுவிட்டாராம்.

மத்தியக் கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே, கல்விச் செயலி நிறுவனங்களுக்குத் தானாகப் பணம் எடுக்கும் அனுமதியைத் தர வேண்டாம், அறியாத கடன்களில் கையெழுத்திட வேண்டாம் என்று பெற்றோரை எச்சரித்திருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் கொண்டுவந்து, இன்றும் தொடரும் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, கடனின் முக்கிய விவர அறிக்கையை ஒப்பந்தத்துக்கு முன்பே தர வேண்டும்; தொடக்கத்தில் குறிப்பிட்ட காலத்துக்குள் அசலையும் அதுவரைக்குமான வட்டியையும் செலுத்தி அபராதமின்றிக் கடனிலிருந்து விலகவும் உரிமை உண்டு. விற்க வந்தவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் கோபத்தில் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அபராதமும் ஏறும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். விற்பவர், நிதி நிறுவனம் இருவருக்கும் ஒரே மின்னஞ்சலில், வாட்ஸ்அப் உரையாடலின் படங்களை இணைத்து, ரத்து செய்யக் கோருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். நிதி நிறுவனம் 30 நாட்களில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் செலவின்றி முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை.

எங்கள் கடன் ஒருவழியாக ரத்தானது. முன்பணத்துக்காகவும் ஏற்கெனவே கட்டிய தவணைகளுக்காகவும்தான் புகார் நடக்கிறது. கடன் மூடப்பட்டதாக மின்னஞ்சல் வந்ததும் விட்டுவிடாமல், நிலுவையில்லாச் சான்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வங்கிக்குப் போய் மேண்டேட்டையும் ரத்து செய்யுங்கள். எங்களுக்கு ரத்து மின்னஞ்சல் வந்த பிறகும், அடுத்த மாதம் 5ஆம் தேதி 1,999 ரூபாயை எடுத்துவிட்டார்கள்.