மெனின் வாயிலில் 8 மணி: ஈப்பர் நகரின் அன்றாட அஞ்சலி

பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்குச் செல்பவர்கள் ஓர் இரவாவது அங்கே தங்க வேண்டும் என்று உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். ஏனெனில், முதல் உலகப் போரில் மாண்ட பிரிட்டிஷ் பேரரசு வீரர்களின் நினைவுச்சின்னமான மெனின் வாயிலின் வளைவுக்கு அடியில் நாள்தோறும் இரவு 8 மணிக்கு, கட்டணம் ஏதுமின்றி நடைபெறும் ‘லாஸ்ட் போஸ்ட்’ அஞ்சலியைப் பகல்நேரச் சுற்றுலாவில் காண முடியாது. போக்குவரத்து நிறுத்தப்பட்டதும் பியூகிள் எனும் ஊதுகொம்பை இசைப்போர் சாலை நடுவே வந்து நிற்கிறார்கள். படைமுகாமில் நாள் முடிந்ததை அறிவிக்கும் அந்த இசை, இங்கே மாண்டவர்களுக்கு விடைகொடுக்கும் இசையாகிவிடுகிறது. அடுத்து மௌனம், பிறகு, செந்நிறப் பாப்பி மலர்வளையங்கள். கைதட்டுவது வழக்கமில்லை என்பது எனக்கு மிகவும் சரியாகப்பட்டது.

1928-இல் தொடங்கிய இந்த வழக்கம், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் நகரைக் கைப்பற்றியிருந்த ஆண்டுகளில் இங்கிலாந்துக்கு இடம்பெயர்ந்து, 1944 செப்டம்பரில் நகரம் விடுபட்ட அன்றே இங்கு மீண்டும் தொடங்கியது.

முன்வரிசை வேண்டுமானால் ஒரு மணி நேரம் முன்னதாகவே சென்றுவிடுங்கள். பின்னால் நிற்பவர்களுக்கு இசை மட்டுமே கிட்டும். அந்தக் காத்திருப்பு வீணாகாது. கல்லறை அறியப்படாத 54,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் படைப்பிரிவு வாரியாகச் சுவரெங்கும் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பிரிக்கப்படாத இந்தியாவிலிருந்து சென்றவர்களின் பெயர்களும் உண்டு. அவற்றைத் தேடிப் படிக்காமல் திரும்பாதீர்கள்.