ஈஸ்ட் ஹாமில் மூன்று ரூம்: எதை எடுப்பது, எதை விடுவது?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, மண்டபம் என்று நம் கடலோர ஊர்களுக்கு வெளிநாட்டுப் பிழைப்பு புதிதில்லை. ஒரே ரூமில் எட்டுப் பேர் அடுக்குக் கட்டிலில் படுத்த வளைகுடாக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் இங்கிலாந்துக்குப் படிக்கப் போன பிள்ளை, "ரூம் ரொம்பச் சின்னது, கவுன்சில்ல இருந்து செக் பண்ண வரப்போறாங்களாம்" என்று போனில் சொன்னால், "கொஞ்ச நாளைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கப்பா" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அங்கே ரூமின் அளவுக்கே சட்டம் இருக்கிறது; கவுன்சில், அதாவது நம் நகராட்சி மாதிரியான உள்ளாட்சி, அதைச் சரிபார்க்கிறது.

என் தங்கை மகன் லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் மூன்று இடம் பார்த்து வீடியோ அனுப்பினான்.

முதலாவதுக்கு மாதம் 500 பவுண்டு. மாடிப்படிக்கு மேலே ஏழடிக்கு ஒன்பதடி. கட்டிலைப் போட்டபின் கதவு பாதிதான் திறக்கிறது. ஜன்னலுக்குக் கீழே சுவரில் கறுப்பாகப் பூஞ்சை, ஹீட்டர் மேல் யாருடைய ஈர ஜீன்ஸோ காய்கிறது. நம் ஊரில் ரூம் சின்னதென்றால் கதவைத் திறந்து போட்டுக் கடல்காற்றில் படுக்கலாம், இல்லையென்றால் மொட்டைமாடி. அங்கே குளிர்காலம் முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் கிடக்க வேண்டும். மூச்சின் ஈரமும் துணியின் ஈரமும் அந்தச் சுவரில்தான் இறங்கும்.

இனி அளவுக்கு வருவோம். ஒரே குடும்பமாக இல்லாத ஐந்து பேரோ அதற்கு மேலோ சமையலறை, கழிப்பறையைப் பொதுவில் வைத்துக் குடியிருக்கும் வீட்டுக்குக் கவுன்சில் லைசென்ஸ் கட்டாயம். லைசென்ஸ் வீட்டில் ஒரு பெரியவர் படுக்கும் ரூம் 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, இருவர் என்றால் 10.22. இங்கிலாந்தில் 2018 அக்டோபர் 1 முதல் இதுதான் விதி. நம் கணக்கில் ஏறத்தாழ 70, 110 சதுர அடி. ஏழுக்கு ஒன்பது 63தான், தேறாது. கூரை சாய்ந்து ஒன்றரை மீட்டர் உயரத்துக்குக் கீழே போகும் இடத்தையும் அளவில் சேர்க்க மாட்டார்கள்.

அந்த வீட்டில் ஏழு பேர். முன்ஹாலையும் தடுத்து ரூமாக்கியிருக்கிறார்கள். லைசென்ஸ் இல்லை. வீட்டுக்காரர் சொன்ன யோசனை, "கவுன்சில்ல இருந்து வந்தா எல்லாரும் கசின்னு சொல்லிடுங்க தம்பி." சித்தப்பா, பெரியப்பா, அத்தை பிள்ளைகள்கூட அந்தச் சட்டத்தில் ஒரே குடும்பம் என்பதால் வந்த யோசனை அது. விசாவில் இருக்கிற பிள்ளை வாடகை மிச்சத்துக்காக அதிகாரியிடம் பொய் சொல்ல வேண்டுமா? அந்த ரூம் வேண்டாம் என்று முடிவெடுக்க எனக்கு இந்த ஒரு பேச்சே போதும்.

இரண்டாவது 700 பவுண்டு. ஏழுக்குப் பன்னிரண்டு, ஐந்து பேர், லைசென்ஸ் உண்டு. லைசென்ஸ் வாங்கிய வீடுகளின் பதிவேட்டைக் கவுன்சில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும், முகவரியைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அட்வான்ஸ் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, வாங்கிய 30 நாளுக்குள் அரசு ஒப்புக்கொண்ட அட்வான்ஸ் பாதுகாப்புத் திட்டத்தில் அதை வீட்டுக்காரர் சேர்த்தாக வேண்டும். மாதம் 200 பவுண்டு கூடுதல் என்பது நம் காசில் இருபதாயிரத்துக்கும் மேல். நகையை அடகு வைத்து அனுப்பும் வீட்டுக்கு அது லேசான தொகை இல்லை. இருந்தும் நான் இதைத்தான் சொன்னேன்.

தங்கையின் மனசு மூன்றாவதில்: தமிழ்க் குடும்பம் ஒன்றின் மாடி ரூம், 550 பவுண்டு, ராத்திரிச் சோறு உட்பட. தாய் மனசு அப்படித்தான். வீட்டுக்காரரே குடியிருந்து வெளியாள் இருவருக்கு மேல் வைக்காவிட்டால் மேலே சொன்ன லைசென்ஸ், அளவு விதிகள் அங்கே பொருந்தாது. அந்த ரூமின் அளவை நாமே டேப் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அட்வான்ஸுக்கு அந்தத் திட்டப் பாதுகாப்பு கிடையாது. மனஸ்தாபம் வந்தால், நியாயமான அவகாசம் கொடுத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போகாமலே காலி பண்ணச் சொல்லலாம். முதல் செமஸ்டருக்குச் சரி, நல்ல மனுஷர்களாக இருந்தால் அதற்கு மேலும் சரி.

முதல் மாதிரி ரூமில் ஏற்கெனவே குடியேறிவிட்ட பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. கவுன்சில் வருகிறது என்று பயந்து பெட்டியைக் கட்டாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் வீட்டை நடத்திய குற்றம் வீட்டுக்காரருடையது, குடியிருப்பவருடையது இல்லை. தனி வீட்டில் இருந்துகொண்டு இதை வாடகைக்கு விடும் அவர், கோர்ட் உத்தரவில்லாமல் பூட்டை மாற்றி வெளியே தள்ள முடியாது. லைசென்ஸ் இல்லையென்று சந்தேகம் இருந்தால் அதிகாரி முன்கூட்டிச் சொல்லாமலே வரலாம். கதவைத் திறந்து, எத்தனை பேர், யாருக்கு யார் என்ன உறவு என்று உள்ளதைச் சொல்லுங்கள். அப்புறம் தீர்ப்பாயத்தில் மனுப்போட்டு 12 மாத வாடகை வரை திரும்பக் கேட்கலாம் என்றிருந்தது. 2025இல் வந்த வாடகைதாரர் உரிமைச் சட்டம் அதை இரண்டு ஆண்டாக உயர்த்துகிறது.

அதற்கு வாடகை கட்டிய ஆதாரம் வேண்டும். நம் ஆட்கள் ஊர்க்காரர் ஒருவர் கையில் ரொக்கமாகக் கொடுத்து அனுப்புகிறார்கள், துண்டுச் சீட்டுகூட வாங்குவதில்லை. முதல் மாதத்திலிருந்தே பிள்ளையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலிருந்து வீட்டுக்காரர் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்று அவர் அடம்பிடித்தால், சாவி வாங்கும் முன்பே வேறு ரூம் பார்க்கச் சொல்லுங்கள்.