மிச்ச நூலில் பின்னிய சோபா உறை: மூன்றரை வருஷத்துக்கு அப்புறம்

எங்கள் வீட்டில் எல்லோர் தலையிலும் எண்ணெய் உண்டு. மாமாவுக்குத் தினமும் தேங்காய் எண்ணெய், அத்தைக்கு வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியல், நான் இரண்டுக்கும் நடுவில். அதனால் சோபாவின் முதுகில் தலை படும் இடத்தில் மூன்று கருப்பு வட்டங்கள், யார் எங்கே உட்காருவார்கள் என்பதை வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்தே சொல்லிவிடலாம். துணி சோபா, பிரித்துத் துவைக்க முடியாத தையல். டர்க்கி டவல் போட்டுப் பார்த்தோம், கூடம் சலூன் மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் அலமாரி மேல்தட்டில் கிடந்த கட்டைப்பை ஞாபகம் வந்தது. பிள்ளைக்குப் பின்னிய குல்லாய், நாத்தனார் மகளுக்குப் பின்னிய ஸ்வெட்டர், பாதியில் விட்ட ஒரு சால்வை என்று பத்து வருஷத்து மிச்ச உல்லன் நூல் அதில் இருந்தது. உல்லன் என்று சொல்வதோடு சரி, முக்கால்வாசி அக்ரிலிக் என்கிற செயற்கை நூல். அடியில் கொஞ்சம் பருத்தி நூலும் கிடந்தது. சமையலறைத் தராசில் நிறுத்தேன், 740 கிராம்.

இந்த எண்ணெய்த் தலைப் பிரச்சினை நமக்கு மட்டும் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்கள் மக்காசர் எண்ணெய் என்று ஒன்றைத் தலையில் பூசிக்கொண்டு நாற்காலியில் சாய, அந்தக் கறைக்காகவே முதுகில் ஒரு விரிப்புப் போட்டிருக்கிறார்கள், அதற்குப் பெயரே ஆன்டிமக்காசர். அதிலும் நிறைய குரோஷேதான், அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியில் பின்னுவது. ஆக நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

செய்தது இவ்வளவுதான். பத்து சென்டிமீட்டர் கிரானி ஸ்கொயர் (நடுவில் தொடங்கிச் சுற்றுச் சுற்றாகப் பின்னும் சதுரம்), 4 மி.மீ. ஊசி, ஒரு சதுரத்துக்கு நான்கு சுற்று. உள்ளே மூன்று சுற்றும் கையில் அகப்பட்ட கலர், கடைசிச் சுற்று மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே கிரீம் கலர். ஒரு இருக்கைக்கு இருபது சதுரம், மூன்று இருக்கைக்கு அறுபது. தையல் டபுள் குரோஷே, அமெரிக்கக் கணக்கில் சொல்கிறேன். பிரிட்டிஷ் பேட்டர்னில் இதையே ட்ரெபிள் என்று போட்டிருப்பார்கள், அது தெரியாமல் முதல் சதுரத்தை நான் மூன்று தடவை பிரித்தேன். மாலை சீரியல் நேரத்தில் மட்டும் உட்கார்ந்து பின்னி முடிக்க நாலு மாசம் ஆனது.

மிச்ச நூலில் பின்னினால் காசு மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓரச் சுற்று, இணைப்பு, பார்டர் எல்லாவற்றுக்கும் கிரீம் நூல் முந்நூறு கிராம் புதிதாக வாங்கினேன். பையில் இருந்த 740 கிராமில் செலவானது 330தான். புதிதாக வாங்கியதிலும் ஒரு சின்ன உருண்டை மிஞ்சி அதே பைக்குள் போனது. அத்தை பார்த்துவிட்டு, "ஏம்மா, பையைக் காலி பண்றேன்னுதானே ஆரம்பிச்ச?" என்றார். பதில் சொல்லவில்லை.

வாங்குவதை ஒரே நாளில் வாங்கியிருக்க வேண்டும். முதலில் இரண்டு உருண்டை, ஒரு மாதம் கழித்து ஒன்று. உருண்டையைச் சுற்றியிருக்கும் லேபிளில் கலர் நம்பரோடு லாட் நம்பர் என்றும் ஒன்று இருக்கும், சாயம் போட்ட தொட்டிக்குத் தொட்டி நிறம் ஒரு மயிரிழை மாறும். கலர் நம்பரை மட்டும் பார்த்து வாங்கினேன். ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. பகலில் பார்த்தால் மூன்றாவது இருக்கையின் கிரீம் கொஞ்சம் மஞ்சள் பூத்தாற்போல் இருக்கும். மூன்றரை வருஷமாக என் கண்ணுக்கு மட்டும் அது தெரிந்துகொண்டே இருக்கிறது.

அடுத்தது நூல் முனை. புது நூலில் பின்னுகிறவர்களுக்கு இந்த வேதனை அவ்வளவாகத் தெரியாது. ஒரு சதுரத்தில் நான்கு கலர் என்றால் எட்டு முனை, அறுபது சதுரத்துக்கு 480. முதல் இருபது சதுரத்தில் பொறுமையாக ஒவ்வொரு முனையையும் மழுங்கல் ஊசியில் கோத்து இந்தப் பக்கம், திரும்பி அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம் என்று மூன்று தடவை இழுத்து மறைத்தேன். மிச்ச நாற்பதில் முடிச்சுப் போட்டு ஒட்ட நறுக்கிவிட்டேன். அக்ரிலிக் வழுக்கும் நூல். ஆறு மாதத்துக்குள் முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து, சதுரத்தின் நடுவில் பல் விழுந்த மாதிரி ஓட்டை. இன்றைய தேதிக்குப் பதினொரு சதுரம் ஒட்டுப் போட்டிருக்கிறேன், எல்லாமே அந்த நாற்பதில்தான். மறைத்துத் தைத்த இருபதில் ஒன்றுகூட வாயைப் பிளக்கவில்லை.

ஆனால் என் உண்மையான தப்பு அது இல்லை, பருத்தியையும் அக்ரிலிக்கையும் ஒரே உறையில் கலந்ததுதான். பதினான்கு சதுரத்தில் பருத்தி கலந்திருந்தது. பின்னும்போது எல்லாம் ஒரே அளவுதான். முதல் துவைப்பில் பருத்திச் சதுரங்கள் சுருங்கின, அக்ரிலிக் அசையவில்லை, இணைப்பெல்லாம் வெட்டி இழுத்து மேடும் பள்ளமும் ஆனது. அதே துவைப்பில் சிவப்புப் பருத்தி சாயம் விட்டு, பக்கத்துக் கிரீம் ஓரங்கள் ரோஸ் ஆயின. பின்னுவதற்கு முன்பே ஒரு முழ நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அப்புறம் வெயில். ஜன்னல் பக்க இருக்கையில் அந்தச் சிவப்பு இப்போது பழைய செங்கல் நிறம். அதே சதுரத்தில் இருக்கும் அக்ரிலிக் பச்சை இன்னும் வாங்கிய அன்று இருந்த பச்சை. கலரை எப்படி வேண்டுமானாலும் கலக்கலாம், நூல் ரகத்தைக் கலக்கக் கூடாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு துவைப்பு போதுமாக இருந்தது, சரிசெய்யத்தான் இன்னும் நேரம் வரவில்லை.

சரி, வந்த வேலையைச் செய்ததா? செய்தது. உறையை எடுத்துப் பார்த்தால் பழைய வட்டங்கள் அப்படியேதான் இருக்கின்றன, ஆனால் வளரவில்லை. குரோஷேயில் ஓட்டை இருக்குமே, எண்ணெய் இறங்காதா என்று கேட்பீர்கள். இறங்கும், அதனால் இரண்டாவது மாதமே பின்பக்கம் பழைய வேட்டித் துணியை மடித்து நாலு மூலையிலும் குத்திவிட்டேன். எண்ணெயைக் குடிப்பது வேட்டி, அழகுக்கு இருப்பது குரோஷே. துவைக்கும்போது வேட்டியைக் கழற்றித் தனியாக.

துவைப்பதில்தான் நிறைய சோதனை செய்தேன். வெறும் சோப்புத்தூளில் ஊறவைத்தால் பார்வைக்குச் சுத்தமாக இருக்கும், வெயிலில் காய்ந்ததும் சிக்கு வாடை வரும். சீயக்காய் போட்டுப் பார்த்தேன், எண்ணெய் போனது, கிரீம் கலரும் சேர்ந்து பழுப்பானது. கடைசியில் கைகொடுத்தது பாத்திரம் கழுவும் லிக்விட்தான். எண்ணெய் பட்ட இடத்தில் நேராக விட்டு, விரலால் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து வழக்கம்போல் அலச வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது. கொடியில் தொங்கவிடவும் கூடாது, ஈரக் கனத்தில் நீண்டுவிடும். நான் மொட்டைமாடியில் கயிற்றுக் கட்டிலில் விரித்துக் காயவைக்கிறேன். இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், சூட்டில் அக்ரிலிக் தொய்ந்து செத்துப்போகும், திரும்ப எழுந்திருக்காது. அதே காரணத்துக்காகத்தான் கார்த்திகைக்கு வீடெல்லாம் விளக்கு வைக்கும்போது இதை மடித்து உள்ளே வைத்துவிடுகிறேன். நெருப்புப் பட்டால் உருகி ஒட்டும் நூல் இது.

தினசரித் தொல்லை என்றால் கொண்டை ஊசி. யாராவது சாய்ந்து எழுந்தால் ஒரு கண்ணி கூடவே எழுந்து வரும். கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த உறவுக்காரர்கள் உட்கார்ந்து போனால் மறுநாள் ஓட்டைக்கு ஓட்டை மல்லிகைக் காம்பு, அதைப் பொறுக்குவதே ஒரு வேலை. பிடரி உரசும் இடத்தில் நூல் துருத்தி உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டியிருக்கிறது, சவர பிளேடால் மெதுவாகச் சீவினால் போகிறது, மூன்று மாதத்தில் திரும்ப வருகிறது. இன்னொன்று, சித்திரை வெயிலில் கரண்ட் போன மத்தியானம் இதில் கழுத்தை வைத்தால் கம்பளிக்குள் மாட்டிய மாதிரி இருக்கும். மே மாதம் முழுக்க மாமா உறையைத் தூக்கித் தோளுக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டுத்தான் உட்காருவார். நானும் கண்டுகொள்வதில்லை.

சோபா முடிந்த ஜோரில் முக்காலிக்கும் ஒன்று பின்னினேன். முப்பது சென்டிமீட்டர் வட்டம். முதல் சுற்றில் 12 கண்ணி, அப்புறம் 24, 36 என்று சுற்றுக்குப் பன்னிரண்டு கூட்டிக்கொண்டே போனால் தோசை மாதிரித் தட்டையாக வரும். கூடுதலாகக் கூட்டினால் அப்பள ஓரம்போல் நெளியும், குறைத்தால் கிண்ணமாகும். விளிம்பு வந்ததும் கூட்டுவதை நிறுத்தினால் தானே கீழே மடிந்து இறங்கும், கடைசிச் சுற்றில் எலாஸ்டிக் கோத்துவிட்டேன். பார்க்க அவ்வளவு அழகு. ஒரே வருஷம்தான் தாங்கியது. அத்தை முக்காலியில் ஏறிப் பரணில் இருந்து இட்லிப் பானையை எடுக்கும்போது கால் மெட்டி ஒரு கண்ணியில் மாட்டி, அவர் தடுமாறி, நல்லவேளை சுவரைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கே கழற்றிவிட்டேன். ஏறி நிற்கும் எதற்கும் குரோஷே உறை வேண்டாம்.

கழற்றிய அந்த வட்டத்தைப் பிரித்து, சுருண்டு கிடந்த நூலை நாற்காலி முதுகில் சுற்றி நனைத்துக் காயவைத்து நேராக்கி வைத்திருக்கிறேன். பருத்திச் சதுரம் பதினான்கையும் கழற்றிவிட்டு அதை வைத்துப் பின்னிப் பொருத்துவதாக எண்ணம். இதுவரை நான்கு முடிந்தது. முனைகளை இந்தத் தடவை ஊசியில் கோத்துத்தான் மறைக்கிறேன்.