28 விநாடி கேட்டேன், 28 நிமிடம் வந்தது: 14,500 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கையால் வரைந்த படங்களைக் கோர்த்து அசையும் படமாக்க ஆள் தேடுபவர்கள் இதைப் படித்துவிட்டுத் தேடுங்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். சின்ன வயதில் என்னை முன்பாரில் உட்காரவைத்து அவர் சைக்கிள் மிதித்துப் போனதை மண்டபத் திரையில் ஓடவிட ஆசைப்பட்டேன். நான்கு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து 336 படம் வரைந்தேன். விநாடிக்கு 24 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வந்து போகும் ஒவ்வொரு நிலைப்படமும் ஒரு ஃபிரேம்) என்று வைத்து, ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேம் நிறுத்தினால் விநாடிக்கு 12 படம் போதும். 336 படத்துக்கு 28 விநாடி. தாள் நகரக் கூடாதென்று துளை போட்டு, முளையில் மாட்டி வரைந்தேன். ஸ்கேன் செய்ததும் நானேதான். கோர்க்க மட்டும் தெரியாது.

ஃப்ரீலான்ஸ் ஆட்கள் கிடைக்கும் ஒரு தளத்தில், கோர்த்துத் தர ஒருவனைப் பிடித்தேன். 12,000 ரூபாய் பேச்சு. ஒரு குதிரை ஓடும் மாதிரி வீடியோ அனுப்பினான், அற்புதமாக இருந்தது. ஆனால் நான் விழுந்தது அதில் இல்லை. என் படங்களைப் பார்த்துவிட்டு போன் செய்தான். "அக்கா, பின் சக்கரத்தில் டைனமோ வரைஞ்சிருக்கீங்களே, இதையெல்லாம் இப்ப யாரு கவனிக்கிறாங்க!" என்றான். வீட்டில்கூட யாரும் பார்க்காத டைனமோ. அவ்வளவுதான், மனசு இளகிவிட்டது. "தளம் வழியா போட்டா கமிஷன் போயிடும்க்கா" என்றதும் நேராக யூபிஐயில் 6,000 போட்டேன்.

வியாழக்கிழமை, மீதி 6,000 போட்டால்தான் ஃபைல் என்றான். போட்டேன். திறந்தால் 28 நிமிடம் ஓடுகிறது! ஒவ்வொரு படமும் ஐந்து விநாடி நிற்கிறது, மெதுவாக மங்கி அடுத்தது வருகிறது. கல்யாண ஆல்பம் போல. பல எடிட்டிங் மென்பொருள்களில் தனிப்படத்தை இழுத்துப் போட்டால் அது தானாக எடுத்துக்கொள்ளும் நேரம் ஐந்து விநாடி. அவன் அதைக்கூட மாற்றவில்லை. கேட்டதற்கு, "உங்க நம்பரிங்ல 117 இல்லக்கா, அதான் பிரச்சினை. கரெக்‌ஷனுக்கு 2,500 ஆகும்." 117-ஐ விட்டுவிட்டு எண் போட்டது என் தவறுதான். அந்தக் குற்ற உணர்ச்சியில் அதையும் கொடுத்தேன். ஆக மொத்தம் 14,500.

வெள்ளிக்கிழமை "ரெண்டர் ஆகுது." சனிக்கிழமை காலை "ஹார்ட் டிஸ்க் போச்சு." மதியத்துக்கு மேல் போன் எடுக்கவில்லை. மண்டபத்தில் பழைய போட்டோக்களை ஓட்டினோம்.

தளத்தில் புகார் செய்தேன். வெளியே கொடுத்த பணத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வரி வந்தது. மறுபடி எழுதினேன், அதே வரி. மூன்றாவது முறை புகாரையே மூடிவிட்டார்கள். ஸ்டேஷனில் "வேலை முடிச்சு ஃபைல் குடுத்திருக்காரேம்மா" என்கிறார்கள். 28 நிமிட ஃபைலை!

வயிற்றெரிச்சல் என்னவென்றால், நேற்று ராத்திரி சித்தி பையன் இதை டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் போட்டுக் காட்டினான். 118-லிருந்து எல்லாவற்றுக்கும் எண்ணை மாற்றினான். எண்ணில் இடைவெளி போனதும் படங்கள் ஒரே தொடராக, ஒரே கிளிப்பாக வந்தன. 24 ஃபிரேம் டைம்லைனில் வேகத்தை 50 சதவீதம் ஆக்கினான், ஒவ்வொரு படமும் இரண்டு ஃபிரேம் நின்றது. சைக்கிள் ஓடியது. எண் மாற்றியதையும் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இதற்கா 14,500 ரூபாய்?

விவரமாக எழுதும் நிலையில் இல்லை. தளத்துக்கு வெளியே பணம் போடாதீர்கள். முன்பணத்துக்கு முன் உங்கள் படத்திலேயே 24-ஐ அனுப்பி இரண்டு விநாடி செய்துகாட்டச் சொல்லுங்கள், அவன் காட்டும் குதிரை யாருடையதோ. எண்களை 0001, 0002 என்று இடைவெளி விடாமல் போடுங்கள். பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள், நான் மூன்று நாள் கழித்துத்தான் அழைத்தேன்.

அப்புறம், டைனமோ வைத்த சைக்கிள் படத்தைக் காட்டி யாராவது தன் வேலை என்று சொன்னால், அது நான் வரைந்தது. இன்று காலை பார்க்கிறேன், அவன் பக்கத்தில் மாதிரியாக ஏற்றி வைத்திருக்கிறான்.