யாழ் நகரில் தங்குவதா, பருத்தித்துறையில் தங்குவதா?

யாழ் நகரோடு ஒட்டிய கொக்குவிலில் சொந்த வீடு இருக்க, பருத்தித்துறைக்குப் போய்க் காசு கொடுத்து அறை எடுத்து மூன்று இரவு தங்கினேன் என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். சின்னம்மா போனிலேயே கேட்டுவிட்டா: "விசரோ பிள்ளை உனக்கு? பின்னேரம் 750 பஸ்ஸில ஏறினா விளக்கு வைக்கிற நேரம் வீட்ட வந்திடலாம்." முப்பத்து மூன்று கிலோமீற்றர் அளவுதான் தூரம். அவ சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆவணியில் அப்படி ஏறிப் போய் ஏறி வந்து பட்ட அனுபவம்தான் என்னை அங்கே தங்கவைத்தது.

நான் திருச்சியில் படித்த காலத்துத் தோழி ஒருத்தி. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் 2023இல் கப்பல் ஓடத் தொடங்கியதிலிருந்தே வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், ஒருவழியாகக் கணவனோடு வந்து இறங்கினாள். நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு வந்ததால் நகருக்குள்ளேயே அறை கிடைத்தது. இரண்டு நாள் நகர், மூன்றாம் நாள் பருத்தித்துறை என்று நான்தான் திட்டம் போட்டேன்.

காலைச் சாப்பாட்டை முடித்து ஒன்பதரைக்குப் பஸ் ஏறி, பருத்தித்துறையில் இறங்கும்போது பதினொரு மணி. முனைக் கடற்கரைப் பக்கம் போனால் மீன் விற்று முடிந்து மூன்று நான்கு மணித்தியாலம் ஆகிவிட்டது. வலை காய்கிறது, நாய் படுத்திருக்கிறது. தும்பளை வீதியில் தெருமூடி மடத்தைப் பார்த்தோம். இரண்டு நிமிடம், நான்கு படம். ஓட்டோ பிடித்து வல்லிபுரத்துக்குப் போனோம். கோயில் பூட்டியிருந்தது. மணல் மேட்டில் ஏறலாம் என்று செருப்பைக் கழற்றிய தோழியின் கணவர் பத்தடியில் துள்ளிக்கொண்டு திரும்பிவிட்டார். மூன்று மணி பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தபடி, "நல்ல ஊர்தான், ஆனா பார்க்க ஒண்ணும் பெரிசா இல்ல, இல்லையா?" என்றார். மறுத்துச் சொல்ல என்னிடமும் ஒன்றும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு மாசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான் போனேன். இந்த ஒப்பீடு அந்த இரண்டு பயணங்களுக்கும் இடையில்தான்.

நகருக்கு உரியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். ரயில், வங்கி, பெரிய ஆஸ்பத்திரி, இரவு பத்து மணிக்கும் சாப்பாடு எல்லாம் அங்கேதான். கோட்டை இருக்கிறது. போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் பிடித்த ஒல்லாந்தர் பிறகு ஐங்கோணமாக மாற்றிக் கட்டியது. எதிரே நூலகம் இருக்கிறது. 1981இல் எரிக்கப்பட்டபோது தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் போயின. 2003இல் மறுபடி திறந்தார்கள். அந்த வெள்ளைக் கட்டடத்தின் முன்னால் நின்றால் வெளியூர்க்காரர் யாரும் சற்றுப் பேச்சற்றுத்தான் போவார்கள். நல்லூரில் பூசை மணி தவறாது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை.

நகரின் உண்மையான வசதி வேறு. எந்தத் திசைக்கும் பஸ் மத்திய நிலையத்திலிருந்துதான் புறப்படுகிறது. கீரிமலைக்கோ, நயினாதீவுக்கு என்று குறிகாட்டுவானுக்கோ போவதானால் நகரில் தங்குவதுதான் லேசு. பருத்தித்துறையில் தங்கிக்கொண்டு நெடுந்தீவுப் படகைப் பிடிக்க நினைப்பது வீண் அலைச்சல். இரண்டே நாள் கையில் இருப்பவர்கள் மேற்கொண்டு யோசிக்காமல் நகரில் அறை எடுக்கலாம்.

மூன்று நாளோ அதற்கு மேலோ இருந்தால்தான் கேள்வியே. என் பதில் பருத்தித்துறை. அதற்குக் காரணம் ஒன்றே ஒன்று, நேரம்.

பெரிய ஊரில் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் பகலுக்கு உரியவை. கோட்டைக்கு, நூலகத்துக்கு, சந்தைக்கு எல்லாம் பத்து மணிக்குப் போனாலும் குறை இல்லை. சின்ன ஊர் அப்படி இல்லை. பருத்தித்துறை விழித்திருப்பது விடியற்காலை ஐந்திலிருந்து எட்டு வரையும், பின்னேரம் நாலரையிலிருந்து ஏழரை வரையும். இடையில் ஊர் வெயிலுக்கு ஒதுங்கி உள்ளே போய்விடும். நகரில் தங்கிக்கொண்டு போகிற ஆள் சரியாக அந்த இடைவேளையில் இறங்கி, சரியாக அந்த இடைவேளை முடிகிற நேரம் பஸ் ஏறுகிறார். பிறகு "அங்க ஒண்டும் இல்லை" என்கிறார். எங்கள் ஆட்களே பாதிப் பேர் இப்படித்தான் சொல்லித் திரிகிறார்கள். பருத்தித்துறையில் ஒரு இரவுகூடத் தங்கியிருக்க மாட்டார்கள்.

அதே முனைக் கரைக்கு அம்மாவும் நானும் ஐந்தேமுக்காலுக்குப் போனோம். வெளிச்சம் முழுக்க வரவில்லை. வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரை ஏறுகின்றன. மணலில் சாக்கை விரித்து மீனைக் கூறு போட்டு, ஒருவர் விலை கூற, சுற்றி நிற்கிறவர்கள் தலையாட்டலிலேயே ஏற்றிவிடுகிறார்கள். விளை, ஒட்டி, பாரை, ஓரமாக ஒரு திருக்கை. அம்மா கடைசியில் நின்ற அக்காவிடம் சூடை ஒரு கூறு வாங்கினா. சமைக்க அடுப்பே இல்லாத பயணத்தில் மீன் வாங்குகிற ஆள் என் அம்மாவாகத்தான் இருக்கும். "எங்க பிள்ளையள் நிக்கிறீங்கள்?" என்று அந்த அக்கா கேட்டா. சொன்னதும், "அங்கையோ, அவையிட்டக் குடுங்கோ, பொரிச்சுத் தருவினம்" என்றா. அப்படியே நடந்தது. இந்திய இழுவைப் படகுகளால் வலை அறுந்த கதையையும் அங்கே கேட்காமல் திரும்ப முடியாது. அதைத் திருச்சிக்காரிக்கு எப்படிச் சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

தெருமூடி மடமும் அப்படித்தான். பெயரே சொல்வதுபோல அது தெருவை மூடி நிற்கிற மடம். இரண்டு பக்கமும் கல்தூண் வைத்த திண்ணை, நடுவால் வீதி, மேலே கூரை. நடந்து வந்தவர்கள் இளைப்பாறக் கட்டியது. பதினொரு மணிக்கு அது படம் எடுக்கிற பழைய கட்டடம். காலை ஏழு மணிக்கு ஒரு பெரியவர் திண்ணையில் இருந்து பேப்பர் வாசிக்கிறார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு சைக்கிளில் கூரைக்குக் கீழால் போகிறார்கள், மணியை அடித்துக்கொண்டே. உள்ளே அந்த மணிச்சத்தம் வேறு மாதிரிக் கேட்கிறது. 1838இல் தொடங்கிய ஹாட்லிக் கல்லூரியும் இந்த ஊரில்தான். காலைக் கூட்டத்தில் ஒரு பங்கு அங்கே போகிறது.

வல்லிபுர ஆழ்வார் கோயிலுக்கு இரண்டாம் நாள் பின்னேரம் போனோம். ஆறு கிலோமீற்றர் அளவில். இந்த வல்லிபுரத்தில்தான் அநுராதபுரத்து வசப மன்னன் காலத்துப் பொன்னேடு 1936இல் கிடைத்தது. இந்தக் குடாநாட்டின் பழைய பெயரான நாகதீபம் அதில் இருக்கிறது. மணல் அப்போது சூடு தணிந்திருந்தது. அங்காலே மணற்காட்டில், பெயருக்கு ஏற்றபடி மணலுக்குள் பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள் நிற்கின்றன. சவுக்கு மரங்களுக்குள்ளால் வருகிற காற்றின் இரைச்சலைக் கடல் என்று நினைத்து நடந்தால், கடல் அதற்கும் அப்பால் வேறு சத்தம் போடுகிறது.

கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகரில் பண்ணைப் பாலத்தில் நின்று பார்ப்பது பரவைக்கடல். அழகுதான், ஆனால் அலை இல்லை. பருத்தித்துறை இருக்கிற வடமராட்சிப் பக்கம்தான் திறந்த கடல். வீட்டுக்காரரின் பழைய லுமாலா சைக்கிளை வாங்கிக்கொண்டு மூன்றாம் நாள் விடியவே கரையோர வீதியால் வல்வெட்டித்துறைப் பக்கம் மிதித்தேன். வழியில் சக்கோட்டை முனை. இலங்கையின் வடக்கு அந்தம் பருத்தித்துறை வெளிச்சவீடு என்றுதான் நானும் சின்ன வயதிலிருந்து நம்பியிருந்தேன். இல்லை, இதுதான். இன்னும் போனால் வல்வெட்டித்துறை. அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை ஓடிச் சேர்ந்தது. இதற்கு ஓட்டோ பிடித்திருந்தால் இருபது நிமிடத்தில் முடிந்திருக்கும். எனக்கு இரண்டு மணித்தியாலம் பிடித்தது, அதில் அரைவாசி வழியில் மறித்து "ஆற்றை பிள்ளை?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொன்னது.

சரி, இரவு? இங்கேதான் நகர்க்காரர் பயப்படுகிறார்கள். எட்டு மணிக்குப் பிறகு கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டுகின்றன என்பது உண்மை. முதல் நாள் இதைத் தெரியாமல் எட்டேமுக்காலுக்குச் சாப்பாடு தேடி வெளிக்கிட்டு, கடைசியில் ஒரு கடையில் மிச்சமிருந்த ரொட்டியும் சம்பலுமாக முடித்தோம். அடுத்த நாளிலிருந்து ஏழு மணிக்கே தோசை. தட்டை வடையையும் அந்த நேரத்தில்தான் பார்க்க வேண்டும், ஒரு வீட்டு விறாந்தையில். உளுந்தும் மாவும் செத்தல் மிளகாய்த் தூளும் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் சேர்த்துப் பிசைந்த உருண்டையை ஒருவர் தட்டையாக அமத்துகிறார், தாள்போல. மற்றவர் எண்ணெயில் விட்டுக் கரண்டியால் ஒரே ஒரு தரம் பிரட்டுகிறார். சூட்டோடு கடித்தால் வருகிற சத்தம் பைக்கற்றில் வாங்கியதில் வராது. கொழும்புக்கும் கனடாவுக்கும் பெட்டியில் கட்டி அனுப்புவது அந்தப் பைக்கற்றைத்தான். நானும் பல வருடம் அதைத்தான் பருத்தித்துறை வடை என்று நினைத்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

பஸ் விஷயத்தில் 750ஐக் குறை சொல்ல முடியாது. இ.போ.ச. என்கிற அரச பஸ்ஸும் தனியாரும் பகல் முழுக்க மாறி மாறி ஓடுகின்றன. கோப்பாய்ச் செம்மண், நீர்வேலி வாழைத்தோட்டம், பிறகு திடீரென்று ஒன்றுமே இல்லாத வல்லை வெளி, அதைத் தாண்டினால் நெல்லியடி. அந்த வெளியைக் கடக்கும்போது ஜன்னலைச் சாத்தாமல் இருங்கள். ஆனால் இருட்டின பிறகு பஸ்ஸை நம்பித் திட்டம் போட வேண்டாம். அதனால்தான் சொல்கிறேன், பின்னேரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கேயே படுக்க வேண்டும். தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகனுக்கு, பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு செய்கிற மாலைப் பூசையைப் பார்த்துவிட்டு நிதானமாகத் திரும்ப முடிந்தது, அறை பக்கத்தில் இருந்ததால்தான்.

தங்குமிடத்தில் நகர்தான் முன்னுக்கு, அதில் சந்தேகம் இல்லை. பருத்தித்துறையில் தெரிவு குறைவு. நாங்கள் எடுத்த அறைக்குக் கொடுத்தது தோழிக்கு நகரில் எடுத்த அறையின் பாதிக்குச் சற்று மேல். தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பு, சவர்க்காரம் நுரைக்கவில்லை. மின்விசிறி கடகடத்தது. நகர் அறையில் குளிர்சாதனம் இருந்தது, கூடவே பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் பாட்டும் நடுச்சாமம் வரை இருந்தது. அறையைப் பதியும்போது அதை யாரும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்தது மாசி மாதத்துப் பருத்தித்துறை மட்டும்தான். காற்று மிதம், மழை இல்லை. கார்த்திகை மார்கழியில் வாடைக்காற்றும் மழையும் அடிக்கிறபோது அந்தக் கரையில் மூன்று நாள் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் அம்மாவோடு போனேன், தமிழ் பேசுகிற ஆள், ஊர்ப்பெயர் சொன்னால் பாதிப் பேர் யாரோ ஒரு சொந்தக்காரரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். தனியாக வருகிற பெண்ணுக்கோ, மொழி தெரியாதவருக்கோ இதே மாதிரி இருக்கும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன்.

தீவுப் பக்கத்து ஊர்காவற்றுறையைப் பற்றியும் ஒருவர் கேட்டார். காரைநகரிலிருந்து பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி அந்தப் பக்கம் இறங்கி, கரையிலிருந்து கடற்கோட்டையைப் பார்த்துவிட்டு மத்தியானமே திரும்பியவள் நான். அமைதியாக இருந்தது, ஆளே இல்லை, ஒன்றும் பெரிதாகப் படவில்லை. மேலே சொன்னதை எல்லாம் எழுதிவிட்டு இந்த ஒரு வரியைப் படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அங்கேயும் ஓர் இரவு படுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

தோழி வருகிற ஆவணிக்குத் திரும்ப வருகிறாளாம். இந்த முறை முதல் இரவு நகர், பிறகு மூன்று இரவு பருத்தித்துறை என்று எழுதி அனுப்பினேன். அவள் சரி என்றாள். கணவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், அறையில் ஏசி இருக்குமா என்று. இல்லை, காலை ஐந்தரைக்கு எழும்ப வேண்டி வரும், செருப்பைக் கழற்றாமல் வரவும் என்று பதில் போட்டிருக்கிறேன்.