மூடுபனியில் ஒரு கிரவுன் கிராபிக்: 4×5 அங்குல ரேஞ்ச்பைண்டர் கமராவைத் தேர்ந்ததும் திருத்தியதும்

கொழுந்து பறிக்கும் மலையில் 4×5 அங்குலத் தாள் பிலிமில் ஆட்களைப் படம் எடுக்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. இலங்கை மலையகத்தின் டிக்கோயாப் பக்கத்துச் சரிவுகளில் முக்காலியை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, மங்கற் கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் உருவத்தைக் கூர்மைப்படுத்தி, ஷட்டரை மூடி, பிலிம் வைத்த ஹோல்டரைச் செருகி, மறைப்புத் தகட்டை உருவி நிமிர்வதற்குள், எதிரே நின்றவர் ஓரடி நகர்ந்திருப்பார்; அல்லது மூடுபனி இறங்கி அவரையே மறைத்திருக்கும். நிறைக்குக் காசு பெறுபவரை எனக்காக அசையாமல் நிற்கச் சொல்வதும் நியாயமில்லை. 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இறந்து, பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கமான பிரித்தானியப் படக்கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரன் இந்த நாட்டில் தோட்டத் தொழிலாளரைப் படம் எடுத்த காலத்தில், அவர்கள் கண்ணாடித் தகட்டுக்காகப் பல விநாடிகள் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. அந்தச் சிரமத்தை இன்றும் ஒருவருக்குக் கொடுக்காமல் 4×5 அளவுப் பெரிய நெகட்டிவை எடுக்க முடியுமா என்ற கேள்விதான், தூரத்தைக் கண்டு கூர்மைப்படுத்த உதவும் ரேஞ்ச்பைண்டர் பொருத்திய கமராக்களின் பக்கம் என்னைத் திருப்பியது.

அவற்றின் வேலை எளிமையானது. ஹோல்டர் பின்னால் இருக்க, தகடு உருவியபடியே, சிறு துளையில் கண்ணை வைத்து, இரட்டையாகத் தெரியும் முகம் ஒன்றாகச் சேரும்வரை குமிழைத் திருகிவிட்டு ஷட்டரை அழுத்தினால் போதும். ஆனால் இந்த எளிமை முழுவதும் ரேஞ்ச்பைண்டரும் லென்ஸும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருப்பதில் தங்கியுள்ளது. 135 மில்லிமீட்டர் லென்ஸை f/4.7இல் முழுவதும் திறந்து இரண்டு மீட்டர் தூரத்தில் நிற்பவரை எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு சாண்தான். ஆகவே எந்தக் கமரா அழகானது என்பதைவிட, எந்தக் கமராவின் ரேஞ்ச்பைண்டரை என் கையாலேயே திருத்த முடியும் என்பதையே நான் முதலாவதாகப் பார்த்தேன். திருத்துநரைத் தேடிக் கொழும்புக்குப் போனாலும் இந்த வேலை தெரிந்தவர் கிடைப்பது அரிது.

மூன்று வகைகளை எடைபோட்டேன். ஜெர்மனியின் லின்ஹொப் டெக்னிகா கட்டுமானத்தில் இவற்றுள் முதலிடம் பெறும். லென்ஸ் முன்பின் நகரும் அதன் தண்டவாளத்தின் வழுக்கலும் பூட்டுகளின் இறுக்கமும் வேறெதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு லென்ஸுக்கும் தனியாகக் கடைந்து, லென்ஸின் நகர்வை ரேஞ்ச்பைண்டருக்குக் கடத்தும் கேம் என்னும் வளைதகடு அதற்கு வேண்டும். அத்தகட்டில் பொறித்த எண்ணும் லென்ஸின் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் ரேஞ்ச்பைண்டரை நம்ப முடியாது. லென்ஸும் தகடும் பிரிந்து தனித்தனியே விற்பனைக்கு வரும் இந்தக் காலத்தில், சேர்ந்த சோடி கிடைப்பது கடினம். கிடைத்தால் விலை எனக்கு எட்டாது. அடுத்தது, 1957இலும் 1960இலும் வந்த போலரொய்ட் 110ஏ, 110பி கமராக்களின் பின்புறத்தை வெட்டி 4×5 பின்பகுதி பொருத்தும் முறை. கையில் எடுத்தால் மிக இலகுவானது இதுவே. ஆனால் அதன் 127 மில்லிமீட்டர் இசாரெக்ஸ் லென்ஸ் சிறிய படச்சட்டத்துக்காக அமைந்தது. 4×5 தாளின் மூலைகளை அது மட்டுமட்டாகவே எட்டுகிறது. வெட்டிய உடலை மீண்டும் பழையபடி ஆக்கவும் முடியாது. லென்ஸை மாற்ற நினைப்பவருக்கு அது பயன்படாது.

நான் வாங்கியது அமெரிக்காவின் கிராப்ளெக்ஸ் நிறுவனம் 1947 முதல் செய்த பேஸ்மேக்கர் கிரவுன் கிராபிக், பக்கவாட்டில் கலார்ட் ரேஞ்ச்பைண்டர் பொருத்தியது. அதன் உடன்பிறப்பான ஸ்பீட் கிராபிக்கில் பிலிமுக்கு முன்னால் 1/1000 விநாடி வரை ஓடும் திரை ஷட்டரும் உண்டு. ஷட்டர் இல்லாத பழைய லென்ஸுகளை விரும்புவோர் அதை எடுக்கலாம். எனக்கு அந்த மேலதிகப் பாரம் தேவைப்படவில்லை. 1955இலிருந்து மேற்புறத்தில் ரேஞ்ச்பைண்டர் வைத்து வந்த பிந்திய மாதிரிகள் பார்வைக்குத் தெளிவானவை, இருட்டில் கூர்மைப்படுத்த ஒளிக்கதிர்களையும் வீசக்கூடியவை. ஆனால் அவற்றுக்கும் லென்ஸுக்கேற்ற வளைதகடு வேண்டும். கலார்ட்டுக்கு வளைதகடே கிடையாது. மூடியைக் கழற்றினால் உள்ளே திருகுகளும் நகரும் ஒரு கையும் இருக்கும். 135 லென்ஸுக்கும் அதையொட்டிய குவியத்தூரங்களுக்கும் ஒரு சிறு திருகாணியால் அதைப் பொருத்திவிடலாம். ஒரு நேரத்தில் ஒரு லென்ஸுக்குத்தான் பொருந்தும் என்பது குறைதான். ஒரே லென்ஸோடு மலை ஏறுகிறவனுக்கு அது பொருட்டில்லை.

கமரா வந்து சேர்ந்தபோது எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. மங்கற் கண்ணாடியில் பார்த்து ரேஞ்ச்பைண்டரைச் சரிசெய்து, முதல் பத்துத் தாள்களையும் எடுத்துக் கழுவினேன். பத்தும் பிழை. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வரும் வழியில் ஒரு பெரியம்மா உள்ளங்கையில் கொழுந்தை வைத்து நீட்டிய படத்தில், இலையின் பல்விளிம்பும் நகக்கண்ணில் படிந்த கறையும் தெளிவாக விழுந்திருக்க, அவருடைய கண்கள் மங்கியிருந்தன. எல்லாத் தாள்களிலும் கூர்மை முகத்துக்கு ஒரு முழக்கையளவு முன்னாலேயே நின்றது. தவறு ஒரே திசையில் விழுந்ததால் அது என் கை நடுக்கமல்ல என்று விளங்கியது.

தோட்டத் தொழிற்சாலையில் பிட்டராக இருக்கும் அண்ணனிடம் வெர்னியர் இரவல் வாங்கி, அதன் ஆழக் கம்பியால் அளந்தேன். ஹோல்டரில் பிலிம் கிடக்கும் ஆழம் தரப்படி 0.197 அங்குலம், அதாவது 5 மில்லிமீட்டர். என் மங்கற் கண்ணாடி லென்ஸை நோக்கி அதைவிட ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் முன்னால் இருந்தது. காரணம் பிறகு தெரிந்தது. இந்த வகைப் பின்பகுதியில் வெளிச்சத்தைப் பரப்பும் பிளாஸ்டிக் பிரெனல் வில்லை, கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் இடையில் அமர்ந்திருக்க வேண்டும். சட்டத்தின் ஆழத்தையும் அதைக் கணக்கிட்டே கடைந்திருக்கிறார்கள். முந்திய உரிமையாளர் யாரோ அதை எடுத்துவிட்டு, கண்ணாடியை அந்த இடத்திலேயே இறக்கி வைத்திருக்கிறார். விற்றவர் இதைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. என் வருத்தம் பத்துத் தாள்களைவிட அந்த மௌனத்தின்மீதே. பித்தளைத் தகட்டிலிருந்து நான்கு மெல்லிய கீற்றுகளை வெட்டி, கண்ணாடியின் மூலைகளுக்கு அடியில் வைத்து, அளவு சரியாக வரும்வரை உரசித் தேய்த்தோம். அண்ணனுக்கு அது அரைமணி நேர வேலை. பிரெனல் இல்லாததால் கண்ணாடியின் ஓரங்கள் இருண்டு தெரிகின்றன. ரேஞ்ச்பைண்டரையே நம்பி எடுப்பதால் அதனால் எனக்கு இடைஞ்சல் இல்லை.

அதன் பிறகுதான் ரேஞ்ச்பைண்டரை உண்மையாகத் திருத்த முடிந்தது. முதலில் தொலைவிலுள்ள ஒரு பொருளில் லென்ஸ் வந்து நிற்கும் இடத்தைக் காட்டும் தண்டவாளத்தின் நிறுத்திகளை அமைக்க வேண்டும். நான் சிவனொளிபாத மலையின் உச்சியை எடுத்துக்கொண்டேன். பனி விலகி உச்சி தெளிவாக நிற்கும் விடியற்காலை அரைமணி நேரத்துக்காக மூன்று நாட்கள் காத்திருந்தேன். பிறகு இரண்டு மீட்டரில் சுவரோடு நிறுத்திய அளவுகோலிலும், இடையில் ஏழெட்டு மீட்டரில் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் தூணிலும் சரிபார்த்தேன். அருகிலிருப்பதைத் திருத்தினால் தொலைவு சற்று நகர்ந்துவிடும். ஆகவே மூன்றும் ஒன்றாக ஒத்துவரும்வரை மாறி மாறித் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை. பொறுமையாகச் செய்தால் ஒரு பகலில் முடியும்.

இப்போது இல்போர்ட் எச்பி5 பிளஸ் பிலிமில், மூடுபனி வெளிச்சத்தில் 1/100 விநாடிக்கு f/5.6 அல்லது f/8 வைத்துக் கையிலேயே பிடித்து எடுக்கிறேன். அதே பெரியம்மாவை மறுபடி எடுத்து, நெகட்டிவை நேரே அச்சுத்தாளில் வைத்து அச்சிட்டுக் கொடுத்தபோது, இடுப்பில் கட்டிய படங்குத் துணியின் சுருக்கங்களும் கூடைக் கயிறு நெற்றியில் அழுத்திய தழும்பும் அதில் இருந்தன. “இந்தத் தடவ கொழுந்தும் தெரியுது, நானும் தெரியுறேன்” என்றார்.

வாங்க நினைப்பவர் இருட்டறையில், லென்ஸையும் கமரா உடலையும் இணைக்கும் மடிப்புத் துருத்திக்குள் டோர்ச் ஒன்றை வைத்து, மூலை மடிப்புகளில் ஊசித்துளைகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். ரேஞ்ச்பைண்டருக்குள் உள்ள பாதி ஊடுருவும் கண்ணாடி மங்கியிருந்தால் இரண்டாவது உருவம் பனியில் காணாமற் போய்விடும், அதனால் வெளிச்சம் குறைந்த அறைக்குள்ளேயே சோதிக்க வேண்டும். லென்ஸில் பூஞ்சணம் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், ஏனெனில் நம் ஊர் ஈரத்தில் அது வளராமல் நிற்காது. மழைக் காலத்தில் நான் கமராவைத் தோலுறைக்குள் விடுவதில்லை; இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, மாதம் ஒருமுறை ஜெல்லை அடுப்பங்கரைச் சூட்டில் உலர்த்திப் போடுகிறேன். மழை முடிந்து உச்சி தெரியும் முதல் காலையில், பிலிம் போடுவதற்கு முன், சிவனொளிபாத மலையில் மறுபடியும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறேன்.